ஊத்துக்காரரும் பாடகர் வராத ரெக்கார்டும்

நெய்வேலியில் பூமிக்கு அடியில் என்ன கிடக்கிறது என்று பார்க்க எங்கெங்கிருந்தோ இன்ஜினியர்கள் வந்து துளை போட்டார்கள். கண்டும் பிடித்தார்கள். ஆனால் ஊத்துக்காரர் என்ற ஒரு மனிதருக்குள் என்ன கிடக்கிறது என்று கண்டுபிடிக்க அந்த டவுன்ஷிப்பில் ஒரு மெஷினும் கிடையாது. நான் ஒருவன்தான் இருந்தேன். அப்படிப்பட்ட நானே தடுமாறிப் போனேன் என்றால் ஆள் எப்பேர்ப்பட்டவர் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

நான் மூன்றாம் வகுப்பு வரை படித்தவன். பள்ளிக்கூடம் என்னை விட்டதா, நான் பள்ளிக்கூடத்தை விட்டேனா என்பதில் இன்றுவரை தகராறு உண்டு. குள்ளஞ்சாவடியிலிருந்து ஒரு டீ பாய்லரைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தேன். இன்று என் பெயரில் லாரிகள் ஓடுகின்றன, கல்யாண மண்டபம் நிற்கிறது, அதில் நடக்கிற கல்யாணத்துக்கெல்லாம் என்னை முதல் வரிசையில் உட்கார வைக்கிறார்கள். எப்படி முன்னேறினீர்கள் என்று கேட்கிறவர்களிடம் ஒரே வார்த்தைதான் சொல்லுவேன்: சந்தேகம். பால்காரனைச் சந்தேகப்பட்டேன். சர்க்கரை மூட்டையைச் சந்தேகப்பட்டேன். கடன் சொல்கிறவனைச் சந்தேகப்பட்டேன். ரொக்கமாகக் கொடுக்கிறவனை அதைவிடச் சந்தேகப்பட்டேன். யாரையும் நம்பி நான் கெட்டதில்லை, ஏனென்றால் யாரையும் நம்பியதே இல்லை.

அப்போது டவுன்ஷிப்பில் நட்ட மரமெல்லாம் முழங்கால் உயரம்தான். நிழல் வேண்டுமென்றால் என் டீக்கடைக் கீற்றுக்குக் கீழேதான் வந்தாக வேண்டும். கடை பிளாக்கின் முனையில் இருந்தது. யார் வருகிறார், யார் போகிறார், யார் வீட்டில் சண்டை, யாருக்கு ஷிப்ட் மாறியது, எல்லாம் எனக்குத் தெரியாமல் நடக்காது.

அந்தக் கீற்றுக்குக் கீழே ஒருநாள் இந்த மனிதர் வந்து உட்கார்ந்தார். அரபு தேசத்து ஏடன் துறைமுகத்தில் கப்பலுக்கு வெல்டிங் செய்துகொண்டிருந்தவராம். இங்கே ஒர்க்‌ஷாப்பில் கான்ட்ராக்ட் வெல்டராகச் சேர்ந்திருந்தார். எங்கள் பிளாக்கில் கிளார்க் அண்ணாச்சி என்று ஒரு திருநெல்வேலிக்காரர் இருந்தார். அவர் வீட்டுப் பின்பக்க அறையில்தான் இந்த வெல்டர் தங்கியிருந்தார். முதல் நாளே எனக்கு மூன்று சந்தேகங்களைக் கொடுத்தார்.

ஒர்க்‌ஷாப்பில் போடுகிற வெல்டிங் கண்ணாடியைக் கழற்றியதும் வேறொரு கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். வெயில் சாய்ந்த பிறகும் கழற்றவில்லை. அது ஒன்று. சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கொத்துப் புதினா வைத்திருந்தார். நம் ஆட்கள் பையில் பீடி வைப்பார்கள், பல்லு குத்துகிற குச்சி வைப்பார்கள். துவையலுக்கு வேண்டியதை வைத்து நான் பார்த்ததில்லை. அது இரண்டு. பால் வேண்டாம் என்றார். பால் இல்லாமல் டீயைக் கேட்டு வாங்கி, புதினாவைக் கிள்ளிப் போட்டுக் குடித்தார். பால் வேண்டாம் என்கிற மனிதனை ஒரு டீக்கடைக்காரன் எப்படி நம்புவது? பாலில் தண்ணீர் இருக்கிறது என்கிறாரா? இருந்தது, ஆனால் அதை முகத்துக்கு நேரே சொல்லலாமா?

பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன்.

"சொந்த ஊரு எதுங்க?"

"இப்ப இதுதாங்க."

"இதுக்கு முன்னாடி?"

"அப்ப அதுங்க."

போலீஸ் ஸ்டேஷனில் விசாரித்தால்கூட இதைவிட அதிகம் சொல்லுவார்கள்.

சில வாரம் கழித்து அவருடைய இரும்புப் பெட்டியிலிருந்து ஒரு ரெக்கார்டு பிளேயர் வெளியே வந்தது. கையால் சாவி கொடுக்கிற பழைய பெட்டி இல்லை, கரண்டில் ஓடுகிறது. பிளாக்கே கூடிவிட்டது. ஜமுக்காளம் விரித்து உட்கார்ந்தார்கள்; நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்த பெண்கள்கூட உண்டு. கிளார்க் அண்ணாச்சி ஆபீஸ் போகிற மாதிரி ஷூவும் சாக்ஸும் போட்டு முதல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

வெல்டரிடம் இருந்தது ஒரே ஒரு ரெக்கார்டு. ஊசியை வைத்தார். வீணைக்குத் தொண்டை கட்டிக்கொண்ட மாதிரி ஒரு வாத்தியம் "டொங், டொடொங்" என்று தனியாக நடந்து வந்தது. கொஞ்ச தூரம் போனதும் மத்தளம் சேர்ந்துகொண்டது. அப்புறம் எருமைக்குச் சளி பிடித்த குரலில் ஒரு ஊதல் குறுக்கே புகுந்தது. புகுந்தது, போகவில்லை. எல்லோரும் பொறுமையாக உட்கார்ந்திருந்தோம்.

அண்ணாச்சிதான் முதலில் வாயைத் திறந்தார். "ஏ, பாடுதவன் எப்பம் வருவான்?"

"வரமாட்டாங்க அண்ணாச்சி. இதுல பாட்டு கெடையாதுங்க. வெறும் வாத்தியம்தான்" என்றார் வெல்டர்.

"பாட்டில்லாத பாட்டா? நல்லாருக்கே கத! சோறில்லாத சாப்பாடும் போடுவீரா?"

"மறுபக்கத்துல இருப்பாரு அண்ணாச்சி, அவசரப்படாதீங்க" என்றேன் நான்.

மறுபக்கமும் திருப்பிப் போடப்பட்டது. அங்கேயும் ஆள் இல்லை. ஃபிட்டர் ஒருவரின் மனைவி ஜமுக்காளத்தைச் சுருட்டிக்கொண்டே எழுந்தார். "பாடுறவருக்கு செகண்ட் ஷிப்ட் போலருக்கு. வாங்க, வூட்ல அரிசி வெந்துகினு இருக்கு."

அண்ணாச்சி மட்டும் கடைசிவரை உட்கார்ந்திருந்தார். "ரெண்டு பக்கமும் தேடியாச்சி. ஆளக் காங்கல" என்று சொல்லிவிட்டுத்தான் எழுந்தார்.

மறுநாள் வெல்டர் டீ குடிக்க வந்தபோது நான் விசாரணையைத் தொடங்கினேன்.

"நேத்து டொங்கு டொங்குன்னு கேட்டுச்சே, அது என்னா வாத்தியங்க?"

"ஊத்" என்றார்.

கிளாஸ் பாதி காலியாக இருந்தது. ஊற்றினேன்.

அவர் கிளாஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அது இல்லங்க. ஊத்."

இன்னும் ஊற்றினேன். விளிம்பைத் தொட்டுவிட்டது.

"ஐயோ, ஊத்துங்க! ஊத்து!" என்று பதறினார். வாடிக்கையாளர் மனம் நோகக் கூடாது என்பது என் கொள்கை. டீ கிளாஸிலிருந்து பெஞ்சுக்கும், பெஞ்சிலிருந்து அவர் வேட்டிக்கும் இறங்கியது. துள்ளி எழுந்து வேட்டியை உதறிக்கொண்டே சொன்னார்: "வாத்தியத்தோட பேரே அதுதாங்க! அரபுக்காரங்க வாத்தியம்!"

அன்றையிலிருந்துதான் அவர் ஊத்துக்காரர். அவருடைய சொந்தப் பெயர் ஒர்க்‌ஷாப் மஸ்டர் ரோல் பதிவேட்டில் இருந்திருக்கும். எங்களுக்கு அது தேவைப்படவில்லை.

பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அண்ணாச்சி காதைக் கொடுத்தார். "அது கெடக்கட்டும். ஊடால ஒண்ணு கத்திச்சே, அது என்னதுவே?"

"அது சாக்ஸ் அண்ணாச்சி."

கடையில் இருந்த அத்தனை பேரும் அண்ணாச்சியின் காலைப் பார்த்தோம். அண்ணாச்சியும் பார்த்துக்கொண்டார். காலைப் பெஞ்சுக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

"கால்ல போடுறதா?" என்றேன்.

"ஊதுறதுங்க. முழுப் பேரு சாக்ஸஃபோன்."

"இதெல்லாம் சேந்து என்னா வகைப் பாட்டுங்க?"

"ஜாஸ்."

"என்னா ஜாஸ்தி?"

"ஜாஸ்தி இல்லங்க, ஜாஸ். அமெரிக்காக்காரங்க வாசிக்கிறது. அரபு ஊத்தையும் அந்த ஜாஸையும் ஒண்ணாச் சேத்து வாசிச்சிருக்காங்க."

"எதுக்கு சேத்தாங்க?"

"நல்லாருக்கும்னுதாங்க."

இந்தப் பதில்தான் என்னை உலுக்கியது. உலகத்தில் எவனாவது நல்லா இருக்கும் என்பதற்காக மட்டும் ஒரு காரியம் செய்வானா? அரபுக்காரன் ஒரு மூலை, அமெரிக்காக்காரன் இன்னொரு மூலை. இரண்டு பேரும் சேர்ந்து, ஒரு வார்த்தைகூட வாயைத் திறக்காமல், ஒரு ரெக்கார்டு போட்டிருக்கிறார்கள். அதை ஒரு வெல்டர் நெய்வேலிக்குக் கொண்டுவந்து, அன்றையிலிருந்து தினமும் சாயங்காலம் போட்டுக் கேட்டார். வாயைத் திறந்தால்தானே மனதில் உள்ளது தெரியும்? எனக்குச் சரியாகப் படவில்லை.

இது இப்படி இருக்க, எல்லையில் சண்டை வந்தது. ஊரெல்லாம் ஜன்னல் கண்ணாடியில் பழுப்புக் காகிதம் ஒட்டினார்கள். கரண்ட் எடுக்கிற ஊராச்சே, குண்டு போட்டால் முதலில் இங்கேதான் போடுவான் என்று எங்களுக்கெல்லாம் உள்ளூர ஒரு பெருமை. உளவாளிகள் வரலாம், ஜாக்கிரதை என்று பேச்சு வந்ததும் ஆளுக்கொரு உளவாளியைத் தேடிக்கொண்டு கிளம்பினோம். எங்கள் பிளாக்குக்குத் தேடுகிற சிரமமே இல்லை. கறுப்புக் கண்ணாடியோடு ரெடியாக ஒருவர் இருந்தார்.

அதே சமயத்தில்தான் ஒர்க்‌ஷாப்பில் கான்ட்ராக்ட் வெல்டர்களில் சிலரைப் பர்மனன்ட் ஆக்கப் போகிறார்கள் என்ற செய்தியும் வந்தது. நடத்தை விசாரித்துவிட்டுத்தான் எடுப்பார்கள். ஊத்துக்காரருக்கு நாற்பதைத் தாண்டிவிட்டது. ஏடனில் வேலை போயாகிவிட்டது. ஒருநாள் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, நான் கேட்காமலே சொன்னார்: "இது கெடைச்சாத்தாங்க உண்டு. இன்னொரு ஊரு போயி மொதல்லேர்ந்து ஆரம்பிக்க எனக்குத் தெம்பு இல்லீங்க." அவர் வாயிலிருந்து அவ்வளவு நீளமான பேச்சு அதற்கு முன் வந்ததே இல்லை. எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. ஆனாலும் சந்தேகத்தை நான் கைவிடவில்லை. இரக்கம் வேறு, தொழில் வேறு.

இங்கே மைன்ஸைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நெய்வேலியில் நிலக்கரிக்கு அடியில் தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்கும். ராத்திரி பகலாகப் பம்பு வைத்து இறைத்துக்கொண்டே இருந்தால்தான் மேலே கரி வெட்டலாம். விட்டால் தரையைப் பிளந்துகொண்டு சுரங்கத்துக்குள் ஏறிவிடும். அந்தத் தண்ணீருக்கு எங்கள் ஊர்ப் பக்கத்தில் என்ன பெயர்? ஊத்து. மைன்ஸில் அந்த வார்த்தையைச் சும்மாகூட யாரும் சத்தமாகச் சொல்ல மாட்டார்கள்.

ஒரு திங்கட்கிழமை கிளார்க் அண்ணாச்சி ஒரு காலில் செருப்போடு என் கடைக்கு ஓடி வந்தார்.

"போச்சுவே! மைன்ஸு போச்சு!"

"என்னா அண்ணாச்சி?"

"சொவத்துக்கு அந்தப் பக்கம் அவன் ஒரு லாரி டிரைவர்ட்ட பேசுதான். என் ரெண்டு காதாலயும் கேட்டேன். 'ஊத்து மெட்ராஸ் வந்தாச்சு, வியாழக்கெழம இங்க வந்துரும். பாத்து, ஊத்து ஒடஞ்சிச்சுன்னா எல்லாம் போச்சு'ங்கான்!"

"அது வாத்தியமா இருக்கும் அண்ணாச்சி."

"அங்கதாம்வே நீரு ஏமாந்தீரு! வாத்தியம்னு மொதல்லயே பேரு வச்சிட்டான் பாரும். இப்பம் ஊத்து ஒடயும்னு பப்ளிக்கா பேசலாம், ஒருத்தனும் கேக்க மாட்டான்!"

அண்ணாச்சி பி.ஏ. படித்தவர். இருந்தாலும் அன்றைக்கு அவர் பேசியதில் புத்தி இருந்தது. எனக்கே தோன்றியிருக்க வேண்டியது.

அண்ணாச்சி போய்ப் புகார் கொடுக்க, சாயங்காலமே செக்யூரிட்டியிலிருந்து சுபேதார் ஒருவர் வந்துவிட்டார். பட்டாளத்தில் இருந்து ரிட்டயர் ஆனவர். மீசை மட்டும் ரிட்டயர் ஆகவில்லை. நேராக என்னிடம்தான் வந்தார். அண்ணாச்சியிடம் போகவில்லை, இதைக் கவனிக்க வேண்டும்.

"உனக்குத் தெரியாம இந்த பிளாக்ல ஒண்ணும் நடக்காதாமே?"

"அப்படித்தாங்க ஜனங்க பேசிக்குறாங்க."

"வியாழக்கிழமை நானே வர்றேன். விஷயம் கிளியர் ஆனாத்தான் அவன் பர்மனன்ட் கேஸ் நகரும். இல்லேன்னா ஆளு என் ஜீப்ல நகருவான்."

வியாழக்கிழமை மதியம் லாரி வந்து நின்றது. ஊத்துக்காரர் வைக்கோலும் சாக்குமாகச் சுற்றிய ஒரு பெரிய உருண்டையைப் பிள்ளைத்தாச்சியைக் கைத்தாங்கலாக இறக்குவது போல இறக்கி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். அவ்வளவுதான். சுபேதார் விசில் ஊதினார். இரண்டு காவலாளிகள் மணல் வாளியோடு ஓடி வந்தார்கள்.

"வை கீழே!"

"மாட்டேங்க! கீழ வச்சா ஒடஞ்சிடும்!"

ஒடஞ்சிடும் என்ற வார்த்தையைக் கேட்டதும் பிளாக்கே பின்னால் ஓடியது. டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் கிளாஸோடு ஓடினார்கள்; சில கிளாஸ் இன்றுவரை திரும்பவில்லை. சுபேதார் காவலாளிகளைப் பார்த்தார். காவலாளிகள் என்னைப் பார்த்தார்கள். தைரியம் பி.ஏ.வில் சொல்லிக்கொடுக்கிற பாடம் இல்லை. நான்தான் போனேன். அவர் கையில் இருக்கும்போதே கயிற்றை அறுத்தேன். சாக்கு விழுந்தது, வைக்கோல் விழுந்தது. உள்ளே, காடாம்புலியூர்ப் பலாப்பழத்தைப் பாதியாக வெட்டி, வழவழவென்று இழைத்து, கழுத்து வைத்த மாதிரி ஒரு சாமான். கழுத்து நுனியில் பின்பக்கமாக மடங்கியிருந்தது.

வெகுதூரத்திலிருந்து அண்ணாச்சி கத்தினார்: "கழுத்து ஒடஞ்சிருக்கு! பாத்தேளா! நாஞ் சொன்னேம்லா!"

"அது அப்படித்தாங்க அண்ணாச்சி. பொறந்ததே அப்படித்தான்."

சுபேதார் பக்கத்தில் வந்து பிரம்பால் தட்டிப் பார்த்தார். "வாத்தியம்தானே? வாசி."

ஊத்துக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

"வாசி மேன்!"

"எனக்கு வாசிக்கத் தெரியாதுங்க."

போன கூட்டம் திரும்பி வந்தது. வாசிக்கத் தெரியாதவனுக்கு வாத்தியம் எதற்கு? இவ்வளவு நாள் அவர்மேல் இருந்த சந்தேகமெல்லாம் இந்தச் சந்தேகத்துக்கு முன்னால் ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டது. சுபேதார் ஜீப்பைத் திரும்பிப் பார்த்தார்.

"தெரியாதுன்னா எதுக்கு வரவழைச்சே?"

"கத்துக்கலாம்னுங்க." வாத்தியத்தை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "இத்தன வருசமா ஊர் ஊரா போயிகினே இருந்தாச்சு. ஒரு எடத்துல உக்காந்தாத்தான கத்துக்க முடியும். இங்க பர்மனன்ட் ஆயிடும்னு நெனச்சேன். அதான் சொல்லியனுப்பிட்டேங்க."

சுபேதார் மீசையைத் தடவினார். ஆனால் பட்டாளத்துக்காரர் இல்லையா, விடவில்லை. "ரெக்கார்டை தினம் கேக்குறே. ஏதாவது ஒட்டியிருக்கும். வந்த வரைக்கும் வாசி."

ஊத்துக்காரர் என் பெஞ்சில் உட்கார்ந்தார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். முதல் தடவையாக அவர் கண்ணைப் பார்த்தேன். வெல்டிங் நெருப்பில் சிவந்துபோன, ரொம்பச் சாதாரணமான கண். விரலை வைத்தார்.

நான் வாழ்க்கையில் பல சத்தங்களைக் கேட்டவன். ஒர்க்‌ஷாப்பில் தகரம் அறுக்கிறதைக் கேட்டிருக்கிறேன். எண்ணெய் போடாத கன்வேயர் பெல்ட்டைக் கேட்டிருக்கிறேன். அவையெல்லாம் சுருதி சுத்தமானவை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ரெக்கார்டில் நடந்து வருகிற அந்த "டொங், டொடொங்" இங்கே நொண்டி, விழுந்து, எழுந்து, மறுபடி விழுந்தது.

"போதும்யா! நிப்பாட்டும்! நான் கேஸையே வாபஸ் வாங்கிக்கிடுதேன்!" என்றார் அண்ணாச்சி.

சுபேதார் என் பக்கம் திரும்பினார். "நீ என்ன சொல்றே?"

இந்த இடத்தில் வேறு ஒருவன் இருந்திருந்தால், பாவம் சார், நல்ல மனுஷன் சார் என்று கையைக் கட்டிக்கொண்டு அழுதிருப்பான். ஊத்துக்காரர் ஜீப்பில் போயிருப்பார். என் புத்தி அப்படி வேலை செய்யாது.

"சார், எதிரி நாட்டுக்காரன் ஒரு ஆள உளவுக்கு அனுப்புறான்னு வைங்க. சும்மாவா அனுப்புவான்? எல்லாம் பழக்கித்தான அனுப்புவான்? சாமியார் வேசம்னா மந்திரம் சொல்லிக் குடுப்பான். வாத்தியக்காரன் வேசம்னா வாசிக்கக் கத்துக் குடுப்பான். இப்ப இவரு வாசிச்சத நீங்களே கேட்டீங்க. இவ்ளோ மோசமா வாசிக்கிற ஆள எந்த நாட்டுக்காரனாவது நம்பி சம்பளம் குடுத்துகினு இருப்பானா?"

சுபேதார் யோசித்தார். மீசையின் ஒரு பக்கம் ஏறியது.

"பாயிண்ட்" என்றார். பிறகு சந்தேகம் தீர, ஊத்துக்காரரிடம், "இன்னொரு தடவை வாசி" என்றார்.

வாசித்தார். முதல் தடவையைவிட மோசம்.

"கிளியர்" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

கூட்டம் கலைந்த பிறகு ஊத்துக்காரர் வைக்கோலை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார். காப்பாற்றியதற்கு நன்றி சொல்லுவார் என்று நான் தோரணையாக நின்றேன். நிமிர்ந்து பார்த்தார்.

"அவ்வளவு மோசமாவாங்க இருந்துச்சு?"

"ஆமாங்க."

"ம்" என்றார். இரண்டு நாள் டீக்கு வரவில்லை.

அவருக்குப் பர்மனன்ட் ஆர்டர் வந்தது. நான் வாங்கிக்கொடுத்தேன் என்று சொன்னால் அதில் தப்பில்லை. ஆனால் நான் யோசிக்காமல் விட்டது ஒன்று உண்டு. பர்மனன்ட் ஆனால் சொந்தமாக குவார்ட்டர்ஸ் கொடுப்பார்கள். கொடுத்தார்கள், டவுன்ஷிப்பின் அந்தக் கோடியில், புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த பிளாக்கில். ஒரு மாட்டு வண்டியில் இரும்புப் பெட்டியையும் ரெக்கார்டு பிளேயரையும் ஏற்றி, ஊத்தை மடியில் வைத்துக்கொண்டு, கறுப்புக் கண்ணாடியோடு போனார். புது மாப்பிள்ளை மாதிரி இருந்தது.

எங்கள் பிளாக் அமைதியாகிவிட்டது. அதற்குத்தானே எல்லோரும் ஆசைப்பட்டோம். சாயங்காலம் ஆனால் அண்ணாச்சி கடைக்கு வருவார், பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு உட்காருவார். "என்னவே, ஒரு சத்தத்தையும் காங்கல?" என்பார். "அதான் நிம்மதி அண்ணாச்சி" என்பேன். "ஆமா, நிம்மதி" என்பார். இரண்டு பேரும் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

அடுத்த மாதமே நான் கடையை அந்தக் கோடி பிளாக்குக்கு மாற்றினேன். அங்கே அப்போது பாதி வீட்டுக்குக் கதவே போடவில்லை. "மனுசனே இல்லாத எடத்துல யாருக்கு டீ ஆத்தப் போற?" என்று என் வீட்டுக்காரி தலையில் அடித்துக்கொண்டாள். வியாபாரம் என்றால் நாலு வருஷம் முன்னாலேயே யோசிக்க வேண்டும் என்று அவளுக்குச் சொன்னேன். உங்களுக்கும் அதையேதான் சொல்லுகிறேன். வேறு காரணம் எதுவும் கிடையாது.

கீற்று வேய வந்தவன்தான் ஒரு கேள்வி கேட்டான். "கடைன்னா ரோட்டப் பாத்துத்தானங்க வாசல் வைப்பாங்க?"

அந்த மனிதரின் ஜன்னலைக் காட்டி, அதைப் பார்த்து வை என்றேன்.